வேலியே பயிரை மேயும்போது கையெழுத்து யாருடையது?

கேள்வி இது: "வேற்றுக்கிரகவாசிகள் படையெடுத்து வரும் அறிவியல் புனைகதைகளில், நாயகனின் தோழர்கள் நான்கைந்து பேர் அரசாங்கத்தின் அத்தனை நடைமுறைகளையும் தாண்டிப் போய் உலகைக் காப்பாற்றிவிடுகிறார்கள். அதிகாரிகளோ கோப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இது எழுத்தாளர்களின் சோம்பல் இல்லையா?"

பல கதைகளைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. அதிகாரியை மந்தபுத்திக்காரராக வரைந்துவிட்டால் நாயகன் தானாகவே கெட்டிக்காரனாகத் தெரிவான். அது மலிவான வழி. ஆனால் இந்த வகையில் என் மனதில் தங்கிப்போன கதைகள் வேறொன்றைக் கேட்கின்றன. விதியை மீறலாமா கூடாதா என்பது அவற்றில் சின்னக் கேள்விதான். மீறினால் அதற்கு யாருடைய கையெழுத்து என்பதே பெரிய கேள்வி. கோப்போடு பழகியவர்களுக்கு இது உடனே புரியும். எத்தனை பக்கம் குறிப்பு எழுதினாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் ஒப்பமிட யாராவது ஒருவர் முன்வர வேண்டும். அதுவரை அது காகிதம்தான்.

எனக்கு மிக நெருக்கமான உதாரணத்திலிருந்து தொடங்குகிறேன். காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்யும் 'டாக்டர்' என்ற வேற்றுக்கிரகவாசியே நாயகனான பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடர் 2005இல் மறுபடியும் உயிர்பெற்றபோது, அந்த ஆண்டு ஏப்ரலில் இரண்டு பகுதிகளாக ஒரு கதை வந்தது: 'ஏலியன்ஸ் ஆஃப் லண்டன்', 'வேர்ல்ட் வார் த்ரீ'. எழுதியவர் ரஸ்ஸல் டி டேவிஸ். லண்டன் வானத்தில் ஒரு விண்கலம் தள்ளாடி வந்து, பிக் பென் கோபுரத்தை உடைத்துக்கொண்டு தேம்ஸ் நதியில் விழுகிறது. நகரம் ஸ்தம்பிக்கிறது. பிரதமரைக் காணவில்லை. விண்வெளி ஆபத்துகளை ஆராயும் வல்லுநர்கள் அத்தனை பேரையும் பிரதமரின் இல்லமான டவுனிங் தெரு 10ஆம் எண் வீட்டுக்கு அழைக்கிறார்கள். இந்த மாதிரி நேரத்துக்கென்று எழுதிவைத்த நடைமுறை ஒவ்வொன்றும் ஒழுங்காக நடக்கிறது.

அங்கேதான் கதையின் கூர்மை. படையெடுப்பு வானத்திலிருந்து வரவே இல்லை. ஸ்லிதீன் என்ற வேற்றுக்கிரகக் குடும்பம் முன்பே பூமிக்கு வந்து, உயர் அதிகாரிகளைக் கொன்று, அவர்களுடைய தோலையே உடையாக அணிந்துகொண்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறது. தற்காலிகப் பிரதமர், உளவுத்துறை அதிகாரி, காவல்துறையின் துணை ஆணையர் எல்லாரும் அவர்கள்தான். தேம்ஸில் விழுந்த கலம் வெறும் பொறி. அதை ஓட்டி வந்தது மூளையில் மாற்றம் செய்யப்பட்ட ஒரு பாவப்பட்ட பன்றி. அவசர நடைமுறை தூண்டப்பட்டால் வல்லுநர்கள் எல்லாரும் ஒரே அறையில் கூடுவார்கள் என்று எதிரிக்குத் தெரியும். கூடுகிறார்கள். அவர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்ட அடையாள அட்டைகள் வழியாகவே மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்படுகிறார்கள். உள்ளே விடுவதற்காகக் கொடுத்த அட்டையே கொலைக்கருவி ஆகிறது.

இதே பொறி சாதாரணக் குடும்பம் ஒன்றிலும் விழுகிறது. டாக்டருடன் பயணம் செய்யும் ரோஸ் டைலரின் அம்மா ஜாக்கி, தொலைக்காட்சியில் அறிவித்த உதவி எண்ணுக்குப் போன் செய்து, தன் மகளை அழைத்துக்கொண்டு திரியும் அந்நியன் ஒருவனைப் பற்றிப் புகார் சொல்கிறார். பொறுப்புள்ள குடிமகள் செய்யவேண்டிய காரியம். அடுத்த காட்சியில் துணை ஆணையர் அவருடைய சமையலறையில் உட்கார்ந்து பரிவோடு விசாரிக்கிறார். பிறகு நெற்றியில் இருக்கும் ஜிப்பைக் கழற்றுகிறார். வேலியே பயிரை மேய்கிறது என்ற நம்முடைய பழமொழியை இவ்வளவு நேரடியாகக் காட்டிய காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்படி இருக்கும்போது, தோழர்கள் முறைப்படி மேலிடத்துக்குப் புகார் அனுப்பாததைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது? மேலிடம்தான் எதிரி. ஆகவே கதை வேறு வழி தேட வேண்டியிருக்கிறது. அந்த வழியைத் திறப்பவர் யார் என்று பாருங்கள்: ஃப்ளைடேல் நார்த் என்ற ஊரின் நாடாளுமன்ற உறுப்பினர் ஹாரியட் ஜோன்ஸ். அமைச்சர் பதவி எதுவும் இல்லாமல் பின்வரிசையில் உட்காருபவர். பெனலோப் வில்டன் என்ற அருமையான நடிகை அந்தப் பாத்திரத்தைச் செய்திருந்தார். உலகமே அல்லோலகல்லோலப்படும் அந்த நாளில் அவர் டவுனிங் தெருவுக்கு வந்த காரணம், சின்ன ஊர்களின் மருத்துவமனைகளுக்கான ஒரு திட்ட அறிக்கை. யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. எப்படியாவது அதைப் பிரதமரின் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும் என்று ஆளில்லாத அமைச்சரவை அறைக்குள் நுழைகிறார். பெட்டியில் அவசரகால நடைமுறைக் கையேடு இருக்கிறது. எடுத்துப் படிக்கிறார். காலடிச் சத்தம் கேட்டதும் அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறார். ஒரு படைத்தளபதியைக் கொன்று அவருடைய தோலை உரிப்பதை அங்கிருந்து பார்த்துவிடுகிறார்.

நான் இந்தக் கதையை விரும்புவதற்கு முதல் காரணம் அந்த அறிக்கைதான். அவர் நடைமுறையை வெறுப்பவர் இல்லை. மனு, அறிக்கை, பெட்டி, ஒப்புதல் என்ற வரிசையை மனதார நம்புகிறவர். பார்க்கிறவர்களிடமெல்லாம் அட்டையை நீட்டி, "ஹாரியட் ஜோன்ஸ், எம்.பி., ஃப்ளைடேல் நார்த்" என்று சொல்லிக்கொண்டே போகிறவர். பிறகு டாக்டர், ரோஸ், அவர் மூவரும் அமைச்சரவை அறைக்குள் இரும்புக் கதவுகளுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும்போது, கையில் அந்த அவசரகாலக் கையேடு இருப்பதும் அதைப் படித்திருப்பதும் அவர் ஒருவர்தான். புரட்டிப் பார்க்கிறார்கள். யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறதோ அவர்களெல்லாம் கீழே செத்துக் கிடக்கிறார்கள்.

வெளி உலகத்தோடு இருக்கும் ஒரே தொடர்பு ரோஸின் கைப்பேசி. மறுமுனையில் மிக்கி ஸ்மித். ரோஸின் காதலன், கார் பழுதுபார்க்கும் இளைஞன். ரோஸ் ஓராண்டு காணாமல் போயிருந்தபோது அவளைக் கொன்றுவிட்டான் என்று ஊரே சந்தேகப்பட்டவன். அவனுடைய வீட்டுக் கணினியிலிருந்து யூனிட் என்ற ராணுவ அமைப்பின் தளத்துக்குள் நுழைய டாக்டர் ஒரு கடவுச்சொல் கொடுக்கிறார்: 'பஃபலோ'. பிறகு எந்த வாசலுக்குப் போனாலும் அதே சொல்தான் திறக்கிறது. சிரிப்பு வருகிறதுதான், ஆனால் கடவுச்சொல்லை ஒரு காகிதத்தில் எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கும் அலுவலகங்களைப் பார்த்தவர்கள் நம்பவே செய்வார்கள்.

எதிரியின் திட்டம் அணு ஆயுதத்தில் முடிகிறது. கதையின் உலகில் பிரிட்டனின் அணு ஆயுதச் சங்கேதங்களை ஐ.நா. வைத்திருக்கிறது, தீர்மானம் போட்டால்தான் தரும். வேற்றுக்கிரகவாசிகள் 45 விநாடியில் ஏவக்கூடிய பேரழிவு ஆயுதங்களோடு தயாராக இருக்கிறார்கள் என்று தற்காலிகப் பிரதமர் தொலைக்காட்சியில் அறிவிக்கிறார். ஐ.நா. சங்கேதத்தைக் கொடுத்தால் உலகப்போர் மூளும். எரிந்துபோன பூமியைத் துண்டு துண்டாக எரிபொருளாக விற்றுவிடலாம். 2005இல் இதைப் பார்த்த பிரிட்டிஷ்காரர் எவருக்கும் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. 2002 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட ஆவணம், இராக்கின் ஆயுதங்களை 45 நிமிடத்தில் ஏவ முடியும் என்று சொல்லியிருந்தது. 2003 மார்ச்சில் போர் தொடங்கியது. ஆயுதங்கள் கிடைக்கவில்லை. ஹாரியட் ஜோன்ஸும் கதையில் போகிற போக்கில், தான் அந்தப் போருக்கு எதிராக வாக்களித்ததாகச் சொல்லிக்கொள்கிறார். நடைமுறை மெதுவாகப் போவதால் உலகம் அழியும் என்று இந்தக் கதை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பொய்யை ஊட்டினால் நடைமுறை முறைப்படியே வேகமாக ஓடி அழிவுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும் என்கிறது. அந்த அச்சம் கற்பனையில் பிறந்ததில்லை.

உச்சக்கட்டம் இதுதான். ப்ளிமத் கடலோரத்தில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல். அதிலிருந்து, அணுகுண்டு இல்லாத சாதாரண ஏவுகணை ஒன்றை மிக்கி தன் அறையில் உட்கார்ந்தபடியே டவுனிங் தெருமேல் ஏவ முடியும். எதிரிகள் அத்தனை பேரும் அந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள். ரோஸும் அங்கேதான் இருக்கிறாள். தாய் ஜாக்கி அழுகிறார். டாக்டருக்கே தயக்கம். அப்போது ஹாரியட் குறுக்கிடுகிறார். இந்த முடிவு உங்களுடையது இல்லை, என்னுடையது. இந்த அறையில் மக்கள் தேர்ந்தெடுத்த ஆள் நான் ஒருத்திதான். அவர்கள் பெயரால் உத்தரவிடுகிறேன், ஏவுங்கள் என்ற பொருளில் பேசுகிறார்.

இந்த இடத்தில்தான் கதை சோம்பலிலிருந்து தப்புகிறது. முன்வரிசை, செயலகம், ராணுவம், ஐ.நா. எல்லாவற்றையும் தாண்டியாயிற்று, ஆனால் யாருடைய அதிகாரத்தில் இதைச் செய்கிறோம் என்ற கேள்வியைத் தாண்டவில்லை. காலம் கடந்து வாழும் மேதைக்கு அந்த உரிமை கிடையாது. திறமையான இளைஞனுக்கும் கிடையாது. மருத்துவமனை அறிக்கையோடு வந்த பின்வரிசை உறுப்பினருக்கு, தன் ஊர் மக்கள் போட்ட வாக்கின் அளவுக்கு, இருக்கிறது. கையெழுத்துப் போடுபவர் ஏவுகணை விழப்போகும் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார் என்பதும் முக்கியம். மூவரும் அந்த அறையின் சின்ன அலமாரிக்குள் ஒடுங்கிக்கொள்கிறார்கள், கட்டடம் தரைமட்டமாகிறது, அலமாரி உருண்டு நிற்கிறது.

ஒரு சின்ன விலகல். ஐ.நா.விடம் சங்கேதம் இருப்பதெல்லாம் கற்பனை. உண்மையில் ஒவ்வொரு பிரிட்டிஷ் பிரதமரும் பதவியேற்றவுடன் தன் கைப்பட ஒரே மாதிரி நான்கு கடிதங்கள் எழுத வேண்டும். அணு ஆயுதம் சுமக்கும் நான்கு நீர்மூழ்கிக் கப்பல்களிலும் ஒவ்வொன்று பெட்டகத்தில் பூட்டப்பட்டிருக்கும். லண்டன் அழிந்து, அரசே இல்லாமல் போனால் கப்பலின் தலைவர் அதைத் திறந்து படிப்பார். பிரதமர் மாறினால் பழைய கடிதங்கள் பிரிக்கப்படாமலே அழிக்கப்படும். அரசு தானே தன் மரணத்தை எதிர்பார்த்து, எல்லா நடைமுறையையும் தாண்டிச் செல்ல ஓர் ஒற்றை வழியை எழுதிவைத்திருக்கிறது. அதற்கும் ஒரு கையெழுத்து வேண்டும் என்று வைத்திருக்கிறது. ஹாரியட் ஜோன்ஸின் அறையில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்து அமெரிக்காவின் 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1'. வேறு கிரகங்களுக்குக் கொண்டுபோகும் ஒரு வாயிலை வைத்து ராணுவம் ரகசியமாக நடத்தும் திட்டத்தைப் பற்றிய தொடர். 1998இல் வந்த முதல் பருவத்தின் கடைசிக் கதைகளில், ஆண்டுக்கு 740 கோடி டாலர் விழுங்கும் இந்த ரகசியத் திட்டத்தைக் கின்ஸி என்ற செனட்டர் இழுத்து மூடுகிறார். எதிரி கிளம்பிவிட்டான் என்று அணியினர் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஓனீல், கார்ட்டர், ஜாக்சன், டீல்க் நால்வரும் உத்தரவை மீறி வாயிலுக்குள் குதிக்கிறார்கள். போய் விழுந்த இடம் பூமியை நோக்கி வந்துகொண்டிருக்கும் எதிரியின் கப்பல். பென்டகன் அனுப்பிய அணுகுண்டுகள் கப்பலின் கவசத்தில் மோதி வீணாகின்றன. நால்வரும் உள்ளே வைத்த வெடிகுண்டுகள்தான் வேலை செய்கின்றன. விறுவிறுப்பான கதை. ஆனாலும் கின்ஸிக்கு அநியாயம் செய்துவிட்டது என்றே நினைக்கிறேன். மக்கள் பணத்தை யாருக்கும் கணக்குச் சொல்லாமல் செலவழிக்கும் ராணுவத் திட்டத்தைக் கேள்வி கேட்பது ஒரு செனட்டரின் கடமை. அவரை ஆணவக்காரராக வரைந்ததால் அந்தக் கேள்வியும் ஆணவமாகத் தெரிகிறது. நீங்கள் சொன்ன சோம்பல் இங்கே கொஞ்சம் இருக்கிறது.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது, டாக்டர் ஹூவின் கிளைத்தொடரான 'டார்ச்வுட்'டின் 'சில்ட்ரன் ஆஃப் எர்த்'. 2009 ஜூலையில் ஐந்து நாள் தொடர்ந்து ஒளிபரப்பானது. '456' என்று அழைக்கப்படும் வேற்றுக்கிரகவாசிகள் பூமியின் குழந்தைகளில் பத்து சதவீதத்தைக் கேட்கிறார்கள். கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்வி விரைவிலேயே அமுங்கிப்போய், எந்தக் குழந்தைகளைக் கொடுப்பது என்ற கேள்வி மேசைக்கு வருகிறது. அந்த அமைச்சரவைக் கூட்டக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிறு கலங்கும். யாரும் கத்துவதில்லை. தங்கள் பிள்ளைகள் இதில் வரமாட்டார்கள் என்பதை உறுதி செய்துகொள்கிறார்கள். சீட்டுக் குலுக்கிப்போடுவதுதானே நியாயம் என்று ஒரு யோசனை. பிறகு ஒரு பெண் அமைச்சர் மெல்ல ஆரம்பிக்கிறார்: பள்ளிகளுக்கெல்லாம் தேர்ச்சித் தரவரிசைப் பட்டியல் வைத்திருக்கிறோமே, அது எதற்காக? அடியில் இருக்கும் பள்ளிகள். தடுப்பூசி போடுகிறோம் என்று சொல்லி அழைத்துக்கொண்டு போகலாம். நல்ல நோக்கத்தோடு போட்ட ஒரு பட்டியல், அறையில் இருந்த யாருக்கும் கை நடுங்காமல், கொலைப் பட்டியலாகிறது.

அந்தத் தொடரில் கையெழுத்து என்ன ஆகிறது என்று பாருங்கள். 1965இல் இதே எதிரிக்கு 12 குழந்தைகளைக் கொடுத்த பழைய குற்றத்தை மறைக்க, விஷயம் தெரிந்தவர்களைத் தீர்த்துக்கட்ட வேண்டும். பிரதமர் தன் பெயர் எங்கும் வராமல் பார்த்துக்கொள்கிறார்; உள்துறைச் செயலர் ஃப்ராபிஷர்தான் அனுப்ப வேண்டும். அந்தக் கொலை உத்தரவுக்கு அவர்களுடைய மொழியில் பெயர் 'வெற்றுத்தாள்'. இரண்டே சொட்டு மையால் தடுத்து நிறுத்தக்கூடிய காரியம் வெற்றுத்தாளில் நடந்துவிடுகிறது. விசுவாசமாக உழைத்த ஃப்ராபிஷருக்குக் கடைசியில் கிடைப்பது, மக்களை நம்பவைக்க உன் இரண்டு மகள்களையும் ஒப்படைத்துவிடு என்ற கட்டளை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடப்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

இதை உடைப்பவர் லோயிஸ் ஹபீபா. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளம் உதவியாளர். வேலைக்கு வந்து சில நாள்கூட ஆகவில்லை. வேற்றுக்கிரக ஆபத்துகளை எதிர்கொள்ளும் ரகசியக் குழுவான டார்ச்வுட் கொடுத்த கேமரா பொருத்திய காண்டாக்ட் லென்ஸைக் கண்ணில் போட்டுக்கொண்டு, பெரிய மனிதர்கள் குழந்தைகளைப் பங்கு போடும் அந்த அறையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சாகசம் எதுவும் செய்யவில்லை, பார்க்கிறாள், அவ்வளவுதான். பிறகு எழுந்து நின்று, இங்கே பேசியதெல்லாம் பதிவாகிவிட்டது என்று அந்த அறையில் சொல்கிறாள். குரல் நடுங்குகிறது. தன் பெயரைத் தானே எழுதிக்கொண்ட ஒரே ஆள் அவள்தான். கைது செய்யப்படுகிறாள். இதனால் எதிரி தோற்றுவிடவும் இல்லை. தோழர்கள் மிரட்டப்போன அன்றே கட்டடம் முழுக்கச் சாவு விழுகிறது, அவர்களில் ஒருவனும் சாகிறான். முடிவில் டார்ச்வுட்டின் தலைவன் ஜாக் தன் சொந்தப் பேரனைப் பலிகொடுத்துத்தான் எதிரியை விரட்ட முடிகிறது. விதியைத் தாண்டினால் வெற்றி என்று வாக்குக் கொடுக்காத கதை இது. அதனால்தான் இதை இவ்வளவு மதிக்கிறேன்.

நிஜத்தில் இப்படி யாராவது செய்திருக்கிறார்களா என்று நீங்கள் கேட்கக்கூடும். வேற்றுக்கிரகவாசிகள் வரவில்லை, ஆனால் ஏவுகணைகள் வருவதாக ஒரு கணினி சொன்ன இரவு உண்டு. 1983 செப்டம்பர் 26, மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 கண்காணிப்பு மையத்தில் பணியில் இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஸ்டனிஸ்லாவ் பெட்ரோவ். அமெரிக்கா ஓர் ஏவுகணையை ஏவிவிட்டதாக எச்சரிக்கை. பிறகு மொத்தம் ஐந்து. விதிப்படி தாக்குதல் என்று மேலே சொல்லியிருக்க வேண்டும். போர் தொடுப்பவன் ஐந்தே ஐந்தை அனுப்புவானா என்று யோசித்தார். அந்தச் செயற்கைக்கோள் அமைப்பும் புதிது. தவறான எச்சரிக்கை என்று மேலே அறிவித்தார். உயரமான மேகங்களில் பட்ட சூரிய ஒளி செயற்கைக்கோளை ஏமாற்றியிருந்தது. பின்னர் அவருக்குக் கிடைத்த கண்டனம் எதற்குத் தெரியுமா? அந்த நேரத்தில் பதிவேட்டை எழுதி நிரப்பவில்லை என்று. ஒரு கையில் தொலைபேசி, இன்னொரு கையில் உட்தொடர்புக் கருவி. எழுத மூன்றாவது கை இல்லை என்று அவர் விளக்கியிருக்கிறார். பெட்ரோவ் தன் அமைப்பைத் தாண்டிக் குதிக்கவில்லை. அதே தொலைபேசியில், அதே மேலதிகாரியிடம், தன் கணிப்பைத் தன் பெயரில் சொன்னார்.

ஹாரியட் ஜோன்ஸுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அந்தக் கையெழுத்தின் கதை முடியவில்லை. அதே 2005 கிறிஸ்துமஸ் கதையில் அவர்தான் பிரதமர். தோற்று, சரணடைந்து, திரும்பிப் போய்க்கொண்டிருக்கும் எதிரியின் கலத்தைச் சுட்டு வீழ்த்த உத்தரவிடுகிறார். டாக்டர் எப்போதும் இங்கே இருக்கப்போவதில்லை, என் மக்களை நான்தான் காக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். டாக்டர் கோபத்தில் அவருடைய உதவியாளரின் காதில் ஆறு சொல் சொல்லி அவருடைய ஆட்சியையே கவிழ்த்துவிடுகிறார். இதில் எனக்கு டாக்டரோடு உடன்பாடில்லை. ஓடுகிறவனைச் சுட்டது தவறு என்றே வைத்துக்கொண்டாலும், அதைத் தன் பெயரில், எல்லார் முன்னாலும் செய்தவர் ஹாரியட். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரை யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒருவர் காதோடு காதாக வீழ்த்தியதைத்தான் நான் அத்துமீறல் என்பேன்.

2008இல் 'த ஸ்டோலன் எர்த்' வந்தது. டாக்டரின் பரம எதிரிகளான தாலெக்குகள் பூமியையே இடம்பெயர்த்துத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். அரசுகள் விழுந்துவிட்டன. டாக்டரின் பழைய தோழர்கள் ஆளுக்கொரு மூலையில் முடங்கிக் கிடக்கும்போது, திரைகளில் தெளிவில்லாத ஒரு முகம் தெரிகிறது. பதவி போன ஹாரியட் ஜோன்ஸ், எதிரியின் கண்ணில் படாத ஒரு ரகசிய இணைப்பு வலையைத் தன் வீட்டில் தயாராக வைத்திருந்தார். ஜாக், சாரா ஜேன், மார்த்தா எல்லாரையும் ஒரே திரையில் சேர்க்கிறார். பூமியின் அத்தனை தொலைபேசிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் டாக்டரின் எண்ணுக்கு அழைப்பு போக வேண்டும். அவ்வளவு சக்தியோடு அனுப்பினால் அது எங்கிருந்து போகிறது என்று எதிரிக்குத் தெரிந்துவிடும். தெரிந்தே செய்கிறார். கதவை உடைத்துக்கொண்டு தாலெக்குகள் உள்ளே வருகின்றன. இணைப்பின் கட்டுப்பாட்டை ஜாக்கிடம் மாற்றிவிட்டு எழுந்து நின்று, பழைய பழக்கம் மாறாமல் அடையாள அட்டையை அவற்றின் முன் நீட்டுகிறார்.

"ஹாரியட் ஜோன்ஸ். முன்னாள் பிரதமர்."